கன்னு சுலபமா வர்ற காளைதான் சின்னப் பட்டிக்கு லாபம்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்ங்க.

உங்க பேப்பர் வேளாண் பக்கத்துல வெளிநாட்டு கறிமாட்டு இனங்களைப் பத்தி வந்ததைப் படிச்சேன். நான் இப்போ இருக்குறது அயர்லாந்துல, ரோஸ்காமன் கவுண்ட்டில, ஆனாலும் காலைல டீ குடிக்கும்போது போன்ல உங்க பேப்பரை ஒரு தடவை பாத்தாத்தான் மனசு ஆறும். அந்தக் கட்டுரைல பெல்ஜியன் ப்ளூ காளை படத்தைப் பெருசா போட்டிருந்தீங்க, தொடைல பாளம் பாளமா சதை, முதுகு நடுவுல வாய்க்கால் வெட்டின மாதிரி பள்ளம், பாக்குறவங்க அசந்துதான் போவாங்க. படம் வந்த அன்னைக்கே ஊர்ல இருந்து மாமா பையன் போன் பண்ணி இந்த மாட்டு சிமன், அதான் சினை ஊசிக்கான விந்து, நம்மூர்ல கிடைக்குமா, நீ அங்கதானே இருக்க, விசாரிச்சு சொல்லுனு கேக்குறான். அவன் கட்டுத்தறில நிக்கிறது ஒரு ஜெர்சி கலப்பு மாடும் இன்னும் சரியா பருவத்துக்கே வராத ரெண்டு கிடேரியும்தான். அதைக் கேட்டதும் இதை எழுதியே ஆகணும்னு உக்காந்துட்டேன்.

கட்டுரைல கறி எவ்ளோ தேறும், எலும்பு எவ்ளோ கம்மி, சந்தைல என்ன மரியாதை எல்லாம் இருந்துச்சு, அந்தக் கன்னு தாய் வயித்துல இருந்து எப்படி வெளிய வருதுனு மட்டும் ஒரு வரி கூட இல்லைங்க. சதை வளர்ச்சியை ஒரு அளவோட நிறுத்தி வைக்கிறதுக்கு உடம்புல மயோஸ்டேடின்னு ஒரு புரதம் இருக்கு, அந்த இனத்துல அதுக்கான மரபணுல ஒரு துண்டு விட்டுப் போயிருக்கு, அதனால அது வேலை செய்யறதில்ல, 1997ல தான் இதைக் கண்டுபிடிச்சாங்க. அதனாலதான் வயித்துக்குள்ள இருக்கும்போதே கன்னுக்கு தொடையும் தோளும் பெருத்துடுது, தாய் மாட்டுக்கோ இடுப்பு வழி அந்த அளவுக்கு இல்ல. பெல்ஜியத்துல அந்த சுத்த இன மாடுங்கள்ல பத்துல ஒம்போதுக்கு மேல சிசேரியன் பண்ணித்தான் கன்னு எடுக்குறாங்க, அது அங்க அவசர சிகிச்சை இல்ல, முன்னாடியே நாள் குறிச்சு டாக்டரை வரச் சொல்லி நின்ன வாக்குலயே விலாப் பக்கம் கிழிச்சு எடுத்து தைச்சுட்டுப் போறது. அந்த வசதி, அந்தக் கைப்பழக்கம் உள்ள டாக்டருங்க, அந்த விலைக்கு கறி வாங்க ஆளு, இது மூணும் இருக்குற ஊருக்கு அது சரி. படத்தை மட்டும் பாத்துட்டு ஆசைப்படுறவங்களுக்கு இதையும் சேத்துச் சொல்லியிருக்கணும்ங்கிறது என் ஆதங்கம்.

நான் யாருனு சொல்லிடறேன். சொந்த ஊரு காங்கேயம் பக்கம், கொரங்காடுன்னு சொல்ற வேலி போட்ட மேய்ச்சல் காட்டுல மாடு மேய்ச்ச குடும்பம். என் மனைவி இங்க நர்ஸு, அவங்க வேலைக்காக வந்தோம், நான் பக்கத்துல எழுவது வயசு தாண்டின ஒரு பெரியவரோட பண்ணைல வேலை பாக்குறேன். அவர் வெச்சிருக்கறது சக்ளர் பட்டி, அதாவது பால் கறக்குறதே கிடையாது, கன்னை தாய்கிட்டயே விட்டு ஊட்ட விட்டு, எட்டு ஒம்போது மாசத்துல பிரிச்சு, முன்னூறு கிலோ பக்கம் எடை வந்ததும் மார்ட்னு சொல்ற மாட்டுச் சந்தைல ஏலத்துக்கு கொண்டு போறது. அயர்லாந்து முழுக்க இப்படி எட்டு லட்சத்துக்குப் பக்கத்துல தாய் மாடுங்க இருக்கு, ஆனா ஒரு பண்ணைக்கு பதினஞ்சு இருவதுதான், மேற்கு பக்கம் நிலமும் ஈரம், கல்லு, பெருசா ஒண்ணும் விளையாது, புல்லு மட்டும்தான். நிறைய பேரு பகல்ல வேற வேலைக்குப் போயிட்டு சாயங்காலம் வந்து மாட்டைப் பாக்குறவங்க. இவங்களுக்கு வருசத்துக்கு ஒரு மாடு ஒரு கன்னு, அதுதான் மொத்த வருமானமும். பால் கிடையாதே, கன்னு செத்துப் போனா அந்த மாடு வருசம் பூரா தின்ன தீனிக்கு கைல ஒண்ணுமே வராது. இதை மனசுல வெச்சுக்கிட்டுத்தான் காளை விஷயத்தைப் பாக்கணும்ங்க.

மார்ட்ல போய் நின்னா ஏன் எல்லாரும் பெரிய காளைக்கு மயங்குறாங்கனு புரியும். சாரோலேங்கற பெரிய கறிமாட்டு இனத்தோட கலப்பு கன்னு, அந்த சந்தன வெள்ளை நிறத்துல பின்னந்தொடை உருண்டு வந்து வளையத்துக்குள்ள நுழைஞ்சதும் கம்பி மேல சாஞ்சிருந்த வியாபாரிங்க எல்லாம் நிமிர்ந்துடுவாங்க, இத்தாலிக்கு ஏத்துமதி பண்றவங்க கண்ணு அதுமேலதான் இருக்கும், ஏலம் சொல்றவர் வாய் ஓயாது. அதே எடைல ஒரு கருப்பு ஆங்கஸ் கலப்பு வந்தா அந்தப் பரபரப்பு இருக்காது. பெரியவரும் பல வருசமா சாரோலே காளைதான் வெச்சிருந்தார், வயசான தாய் மாடுங்களுக்கு அது பெருசா பிரச்சனை பண்ணல. சிக்கல் எங்க வந்துச்சுன்னா, இருவது மாட்டுக்கு ஒரே காளைதானே, முதல் தடவை சினை பிடிக்கப் போற கிடேரிங்களையும் அதே மந்தைல அதே காளையோட விட்டாச்சு, தனியா பிரிச்சு மேய்க்க வயக்காடும் இல்ல ஆளும் இல்ல.

அந்த கிடேரில ஒண்ணு மார்ச் மாசத்துல ராத்திரி ஈன ஆரம்பிச்சுச்சு. பனிக்குடம் உடைஞ்சு ஒரு மணி நேரம் ஆச்சு, ரெண்டு முன்னங்கால் குளம்பு தெரியுது, மூக்கு நுனி தெரியுது, அதுக்கு மேல ஒரு அங்குலம் நகரல. குளம்பைப் பாத்தாலே தெரிஞ்சுது, என் கைக்குள்ள அடங்காத தடிமன். கணுவுக்கு மேல கயிறு போட்டு, இங்க கன்னு இழுக்குறதுக்குனே ஒரு ஜாக் இருக்கு, மாட்டோட பின்பக்கம் அண்டை குடுத்து நெம்புறது, அதையும் வெச்சுப் பாத்தோம், மாடு முக்கும்போது மட்டும் இழுக்கணும், முக்காதப்போ நிறுத்தணும், அப்படியே பண்ணியும் தலை வந்து நெத்தியோட நின்னுடுச்சு. நாக்கு வெளிய தொங்கி வீங்கி நீலமாயிடுச்சு. டாக்டர் வந்து சேரவே முக்கால் மணி நேரம். விலாவைத் திறந்து எடுத்தப்போ கன்னுக்கு உசுரு இல்ல. கிடேரி எந்திரிக்கப் பாத்து பின்னங்கால் ரெண்டும் அகண்டு வழுக்கிட்டே போச்சு, இடுப்புக்குள்ள போற நரம்பு அழுந்திடுச்சுன்னு டாக்டர் சொன்னார், காலை ரெண்டையும் சேத்துக் கட்டி வைக்கோல் மெத்தை போட்டு வெச்சும் அது மறுபடி நிக்கவே இல்ல. பெரியவர் கொட்டகை வாசல்ல நின்னு ஒரு வார்த்தை பேசல. அடுத்த சீசனுக்கு அந்தக் காளையை வித்துட்டார்.

இதை கணக்காவும் பாத்துடலாம். இருவது மாட்டுல பெரிய காளையால கன்னுக்கு நூறு யூரோ கூட கிடைக்குதுன்னு வெச்சுக்குவோம், மொத்தம் ரெண்டாயிரம் கூட. இதுல ஒரு கன்னு செத்தா அந்தக் கன்னோட விலை முழுசும் போச்சு, டாக்டருக்கு ராத்திரி ஆபரேஷன் பீஸு, தாயும் போச்சுன்னா அதுக்கு பதிலா இன்னொரு கிடேரி வாங்கணும், ரெண்டாயிரம் எங்க போச்சுனே தெரியாது. செத்ததை மட்டும் சொல்லல. கஷ்டப்பட்டு ஈன்ற மாட்டுக்கு கர்ப்பப்பை சீக்கிரம் சுருங்காது, நஞ்சுக்கொடி விழாம நாறும், திரும்ப பருவத்துக்கு வர லேட்டாகும். சினைக்காலம் 285 நாள்னா வருசத்துக்கு ஒரு கன்னுங்கற கணக்குக்கு மீதி 80 நாள்தான் இருக்கு, அதுக்குள்ள கர்ப்பப்பை ஆறி, பருவம் வந்து, சினையும் பிடிக்கணும். அது தவறினா அடுத்த வருசக் கன்னு லேட்டு, எடை கம்மி, விலை கம்மி. கன்னுக்கும் அப்படித்தான், ரொம்ப நேரம் மாட்டிக்கிட்டு மூச்சுத் திணறி வந்த கன்னு சுறுசுறுப்பா எந்திரிச்சு மடியைத் தேடாது, சீம்பால் முதல் ரெண்டு மணி நேரத்துக்குள்ள உள்ள போகலைன்னா நோய் எதிர்ப்பு சக்தி சரியா ஏறாது, பத்து நாள்ல கழிச்சல் வந்து படுத்துடும். அதை எல்லாரும் கழிச்சல்ல செத்துச்சுன்னுதான் சொல்வாங்க, ஆரம்பம் அந்த ராத்திரிலதான் இருக்கும்.

அப்போ சின்னப் பட்டிக்கு எந்த இனம்னு கேட்டா, என் அபிப்ராயம், ஒரே ஒரு காளைதான் வெச்சுக்க முடியும்னா அது பட்டிலயே இருக்குற சின்ன கிடேரிக்கும் ஒத்து வர்ற காளையா இருக்கணும். ஆங்கஸ் முதல்ல. ஸ்காட்லாந்து வடகிழக்குப் பக்கத்து இனம், கருப்பு, கொம்பு கிடையாது, கன்னு தலை சின்னது, தோள் ஒடுங்கினது, உடம்பு நீளமா வழுக்கிக்கிட்டு வந்துடும், விழுந்த கொஞ்ச நேரத்துல எந்திரிச்சு ஊட்டப் போயிடும். ஹியர்ஃபோர்டும் அதே ரகம்தான், இங்கிலாந்துல இருந்து வந்தது, செவலை உடம்பு வெள்ளை மூஞ்சி, குணமும் சாது. இது ரெண்டுக்கும் இங்க கறி பேக்டரில தனியா போனஸ் ஸ்கீம் இருக்கு, அதனால மார்ட்ல விடுற காசுல கொஞ்சம் அங்க திரும்ப வந்துடும், இதை நிறைய பேரு கணக்குல சேக்குறதில்ல. லிமோசின் நடுவுல நிக்கிற இனம், ஃபிரான்ஸ் இனம், சதை நல்லா இருக்கும், ஆனா எலும்பு மெலிசு, கன்னும் பெல்ஜியன் ப்ளூ அளவுக்கு முரடா வராது. அந்த இனத்துல பரவலா இருக்குற ஒரு மயோஸ்டேடின் மாற்றம் சதையைக் கூட்டும், ஆனா பிரசவத்தை அந்த அளவுக்கு பாதிக்காது. ஒரே குறை, லிமோசின் கன்னு லேட்டா வரும், ஆங்கஸ் 280 நாள் பக்கத்துல வந்துடும்னா இது 288, 290 வரைக்கும் இழுக்கும், கடைசி நாள்கள்ல வயித்துக்குள்ள கன்னு தினமும் அரைக் கிலோ பக்கம் ஏறிட்டே இருக்கும்ங்கறதை ஞாபகம் வெச்சுக்கணும். சாலர்ஸ், ஓப்ராக்னு ஃபிரான்ஸ் மலைப்பகுதி இனம் ரெண்டு இருக்கு, அதுல தாய் மாட்டுக்கே இடுப்பு வழி அகலம், சாலர்ஸ் மாட்டைத் தாயா வெச்சிருக்குறவங்க அதுக்கு சாரோலே போட்டுக்கூட நிம்மதியா தூங்குறாங்க. சாரோலே, சிம்மென்டால் மோசமான இனம்னு நான் சொல்லல, நாலு அஞ்சு ஈத்து ஈன்ற, இடுப்பு அகலமான மாட்டுக்கு, பக்கத்துல ஆளு இருந்து பாத்துக்குற பண்ணைக்கு அது நல்ல காசுதான். ராத்திரி ஆளில்லாத பண்ணைக்கு வேண்டாம்.

இனத்தோட பேரை மட்டும் நம்பி வாங்கினாலும் ஏமாந்துடலாம்ங்க. ஆங்கஸ்லயே கஷ்டம் குடுக்குற காளை இருக்கு, சாரோலேலயும் சாதுவா கன்னு போடுற காளை இருக்கு. இங்க எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயமே இதுதான், அதை நம்ம ஊரு வாசகருங்களுக்கு சொல்லணும்னுதான் இவ்ளோ நீளமா எழுதறேன். கன்னு பொறந்தா 27 நாளைக்குள்ள காதுல டேக் போட்டு பதிவு பண்ணியாகணும், அந்தப் பதிவுலயே மாடு எப்படி ஈன்றுச்சுனு ஒரு நம்பர் கேப்பாங்க. தானா ஈன்றுடுச்சா 1, கொஞ்சம் கை குடுத்தோமா 2, ரொம்ப கஷ்டப்பட்டு இழுத்தோமா 3, டாக்டர் வந்து எடுத்தாரா 4. அவ்ளோதான், ஒரே ஒரு நம்பர். இப்படி நாடு முழுக்க எல்லாப் பண்ணைல இருந்தும் வர்றதை ஐ.சி.பி.எஃப்னு சொல்ற கால்நடை இனப்பெருக்க கூட்டமைப்பு சேத்து வெச்சு, எந்தக் காளைக்குப் பொறந்த கன்னு எத்தனை, அதுல எத்தனை கஷ்டம்னு கணக்குப் போட்டு ஒவ்வொரு காளைக்கும் ஒரு சதவீதம் சொல்லுவாங்க, அதுவும் கிடேரிக்குப் போட்டா எவ்ளோ, தாய் மாட்டுக்குப் போட்டா எவ்ளோனு தனித்தனியா. ஒரே இனத்துல ஒரு காளைக்கு 3 சதவீதம்னு இருக்கும், பக்கத்து கட்டுத்தறில நிக்கிற காளைக்கு 12னு இருக்கும், பாக்க ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும், கண்ணால கண்டுபிடிக்கவே முடியாது. கூடவே அந்த நம்பரை எவ்ளோ நம்பலாம்னும் ஒரு சதவீதம் போடுவாங்க, கன்னே இன்னும் பொறக்காத இளங்காளைன்னா நம்பகம் கம்மியா இருக்கும், ஆயிரக்கணக்குல கன்னு பொறந்த ஏ.ஐ. (செயற்கை கருவூட்டல் ஊசி) காளைன்னா 90க்கு மேல இருக்கும். கிடேரிக்கு நான் எப்பவும் சொல்றது, நம்பகம் 90க்கு மேல, கஷ்டம் எவ்ளோ கம்மியோ அவ்ளோ கம்மி, அப்புறம்தான் மத்ததெல்லாம்.

இதுலயும் ஒரு இடத்துல கவனம் வேணும். கன்னு சின்னதா வந்தா போதும்னு அதையே பாத்துப் பாத்து காளை எடுத்தா, அந்தக் கிடேரிக் கன்னுங்க வளந்து தாயாகும்போது அதுங்களும் சின்ன உடம்பு, குறுகின இடுப்பா இருக்கும், அப்போ திரும்ப அதே பிரச்சனை அடுத்த தலைமுறைல வரும். அதனால காளைக்குப் பொறந்த கன்னு எப்படி வருதுங்கறது ஒண்ணு, அந்தக் காளையோட பொண்ணுங்க எப்படி ஈனுதுங்கறது இன்னொண்ணு, ரெண்டையும் பாக்கணும். பட்டில தாய்க்கு வெச்சுக்கப் போறோமா, எல்லாத்தையும் கறிக்கு விக்கப் போறோமாங்கறதைப் பொறுத்து இது மாறும். இங்க காளைங்களுக்கு நட்சத்திரம் போட்டுத் தரம் சொல்ற பட்டியல்ல தாய்க்கு வெச்சுக்குறதுக்கு ஒரு கணக்கு, கறிக்கு விக்கிறதுக்கு ஒரு கணக்குனு தனித்தனியா பிரிச்சே வெச்சிருக்காங்க.

காளை மேலயே எல்லாப் பழியையும் போட்டுட முடியாது. கிடேரி முழு வளர்ச்சி எடைல 60 சதவீதமாவது வந்த பிறகுதான் சினைக்கு விடணும், பருவம் வந்துடுச்சேனு அவசரப்பட்டா எந்தக் காளையும் காப்பாத்தாது. சினை மாட்டுக்கு கடைசி ரெண்டு மாசத்துல தீனியை அள்ளிக் கொட்டுறதும் தப்பு, கன்னு பெருக்குறது ஒரு பக்கம், இடுப்பு வழிக்குள்ளயே கொழுப்பு படிஞ்சு பாதையை அடைச்சுடும். அதுக்காக எலும்பும் தோலுமா விட்டா முக்கறதுக்கே தெம்பிருக்காது. இங்க முதுகெலும்பு, வாலடி, விலா தொட்டுப் பாத்து 1ல இருந்து 5க்குள்ள மார்க் போடுவாங்க, ஈனும்போது 2.5ல இருந்து 3க்குள்ள இருக்கணும்னு கணக்கு. விலா மேல கை வெச்சு லேசா அழுத்தினா எலும்பு தட்டுப்படணும், கண்ணால பாத்தா துருத்திட்டுத் தெரியக்கூடாது. நம்மூர் பெரியவங்க கையாலயே இதைச் சொல்லிடுவாங்க.

காளை வாங்கறதா, ஊசியா? பத்துப் பன்னண்டு மாடு வெச்சிருக்கறவங்களுக்கு ஏ.ஐ. தான் நல்லதுன்னு நான் சொல்வேன், நம்பகமான காளை கிடைக்கும், கிடேரிக்கு ஒண்ணு தாய்க்கு ஒண்ணுனு மாத்திக்கலாம், டன் கணக்குல எடை உள்ள மிருகத்தோட வயக்காட்டுக்குள்ள தனியா நடக்குற ஆபத்தும் இல்ல. ஆனா பருவத்தைக் கண்டுபிடிக்க ஆளு வேணும், வேலைக்குப் போறவங்களுக்கு அதுதான் இடிக்குது. பெரியவர் இப்போ கிடேரிங்களுக்கு மட்டும் ஊசி, மத்ததுக்கு ஒரு ஆங்கஸ் காளைனு வெச்சிருக்கார், ராத்திரி கொட்டகைக்குப் போற வேலை பாதியா குறைஞ்சிருக்கு.

இப்போ நம்ம ஊருக்கு வர்றேன். எங்க கொரங்காட்டுல கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேலா மரமும் கிளுவை வேலியும் இருக்குற காட்டுல அப்பாரு காலத்துல மேய்ஞ்சதெல்லாம் காங்கேயம். கன்னு தாய்கிட்டயே ஊட்டும், வீட்டுக்குக் கொஞ்சம் கறப்பாங்க, மத்தபடி காளைக்கன்னும் உழவும்தான் நோக்கம். பழையகோட்டை பட்டக்காரர் குடும்பம் போல பெரிய பட்டி வெச்சிருந்தவங்க பூச்சிக்காளையை, அதாவது இனவிருத்திக்கான பொலிகாளையை, பொறுக்கி எடுத்து வளத்தாங்க, அங்க இருந்துதான் ஊரு ஊரா நல்ல காளை போச்சு. மாடும் காளையும் ஒரே இனம், கன்னு இருவது இருவத்திரெண்டு கிலோ, காட்டுக்குள்ளயே ஈன்று நக்கிக் காயவெச்சு சாயங்காலம் கன்னோட நடந்து வரும். பிரசவத்துக்கு டாக்டரைக் கூப்பிட்டதா எங்க வீட்டுல யாரும் சொன்னதே இல்ல. கலப்பினம் வந்த பிறகுதான் கன்னு சிக்குறதுங்கற பேச்சே ஊருக்குள்ள அதிகமா கேக்குது. ஹெச்.எஃப்னு சொல்ற ஹோல்ஸ்டீன் ஃப்ரீசியன் கன்னு 40 கிலோ பக்கம், ஜெர்சி 25 கிலோ பக்கம். சின்ன உடம்புக்காரி நாட்டுக் கிடேரிக்கோ ஜெர்சி கலப்பு கிடேரிக்கோ முதல் ஈத்துக்கே ஹெச்.எஃப் போட்டா என்ன ஆகும்னு இந்த ரெண்டு நம்பரைப் பாத்தாலே தெரியுமேங்க. நம்ம மாநிலத்து இனவிருத்திக் கொள்கையே சமவெளிக்கு ஜெர்சி, மலைப்பகுதிக்கு ஹெச்.எஃப்னு தான் ரொம்ப காலமா இருக்கு. இருந்தும் பால் கூட வரும்னு சொல்லி, கேன்ல எது இருக்கோ அதைப் போட்டுட்டுப் போற ஆளுங்க ஊருக்கு ஊரு இருக்காங்க, நாமளும் எந்த ஊசின்னு கேக்கறதில்ல, காசு குடுத்து அனுப்பிடறோம்.

மாமா பையனுக்கு நான் சொன்னதையே எல்லாருக்கும் சொல்றேன். கிடேரிக்கு ஊசி போட வந்தா ஸ்ட்ராவை, அதான் விந்து அடைச்ச சின்னக் குழாயை, கையில வாங்கிப் பாருங்க, இனமும் காளை நம்பரும் அது மேலயே அச்சடிச்சிருக்கும், ஒரு நோட்டுல எழுதி வைங்க, ஊசி போட்ட தேதியும் எழுதுங்க. முதல் ஈத்துக்கு ஜெர்சி கேளுங்க, காங்கேயம், உம்பளச்சேரி, பர்கூர் மாதிரி நம்ம இனமா இருந்தா அதே இனத்துக் காளையே போடச் சொல்லுங்க. பொட்டைக் கன்னு ஊசினு ஆண் பெண் பிரிச்ச சிமன் இப்போ கிடைக்குது, பத்துக்கு ஒம்போது கிடேரிக் கன்னுதான் வரும், காளைக்கன்னை விட கிடேரிக் கன்னு பொறக்கும்போதே எடை கொஞ்சம் கம்மி, அதனால தலைச்சன் கிடேரிக்கு அது பாலுக்கு மட்டுமில்ல, பிரசவத்துக்கும் நல்லது. அப்புறம் ஈன்ற அன்னைக்கு தானா ஈன்றுச்சா, இழுத்தோமா, டாக்டர் வந்தாரானு அதே நோட்டுல ஒரு வரி.

நம்ம மாடுங்களுக்கும் பன்னண்டு நம்பர் போட்ட மஞ்சள் டேக் காதுல மாட்டியாச்சு, ஊசி போட்டா அந்த நம்பர்ல பதிவும் ஆகுது. அதே இடத்துல 1, 2, 3, 4னு ஈன்ற விதத்தையும் ஒழுங்கா வாங்கி, எந்தக் காளை நம்பருக்கு கிடேரிங்க சுலபமா ஈனுதுனு ஊத்துக்குளி விவசாயியும் ஒரத்தநாடு விவசாயியும் பாத்துத் தெரிஞ்சுக்குற மாதிரி கால்நடைத் துறை வெளிய சொல்லணும், மருந்தகம் சுவத்துல ஒரு தாள் ஒட்டினாக்கூடப் போதும். எங்க ஊர்ல ஊசி போட வந்தவங்க யாரும் இந்தக் காளைக்கு இத்தனை கன்னு சிக்கிச்சுனு சொல்லி நான் கேட்டதே இல்ல. உங்க வேளாண் பக்கத்துல அடுத்த தடவை காளை படம் போடும்போது பக்கத்துலயே கன்னு எடை எவ்ளோ, கிடேரிக்குப் போடலாமா கூடாதானு ரெண்டு வரி சேத்துப் போடுங்க ஐயா. உங்க வாசகருங்கள்ல கால்நடை டாக்டருங்க நிறைய பேரு இருப்பாங்க, நம்ம மாவட்டங்கள்ல எந்த சிமன் போட்ட கிடேரிங்க அதிகமா சிக்குதுனு அவங்க பாத்ததை எழுதினா, தை மாசத்துக்குள்ள கிடேரிக்கு ஊசி போடப் போற என் மாமா பையன் மாதிரி ஆளுங்களுக்கு நேரத்துக்கு உதவும்.

இப்படிக்கு,
காங்கேயம் பக்கத்து வாசகர்,
ரோஸ்காமன் கவுண்ட்டி, அயர்லாந்து.